பழைய பெட்டி, புதிய பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதக் கடிதக் கட்டில் பாதிக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள் எழுதியவை. மீதியில் பல, அவர்களைப் பற்றி அவர்களுடைய பிள்ளைகள் எழுதியவை. இரு தரப்பாரும் கேட்பது ஒன்றுதான்: வீட்டிலிருக்கும் பழைய சாதனத்தை மாற்றத்தான் வேண்டுமா, மாற்றினால் இந்த வயதில் புதியது கைக்கு வசப்படுமா? முப்பது ஆண்டுகள் டி.வி., ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதை மட்டும் தொடவில்லை.

கேள்வி: எனக்கு 71 வயது. 1998-இல் வாங்கிய 21 இன்ச் டி.வி. இன்னும் ஓடுகிறது. போட்டவுடன் படம் மங்கலாக வந்து, தெளிவதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கிறது. ஓரத்தில் பச்சை படிந்திருக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகன் 43 இன்ச் ஸ்மார்ட் டி.வி. வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறான். என் அண்ணன் வீட்டில் அப்படி ஒன்று வந்த பிறகு, அண்ணி டி.வி. போடுவதையே நிறுத்திவிட்டார், பேரன் வந்தால்தான் பெட்டி ஒளிர்கிறது. பக்தி நிகழ்ச்சி, செய்தி, மாலையில் இரண்டு சீரியல் தவிர நான் வேறெதுவும் பார்ப்பதில்லை. மாற்ற வேண்டுமா? மாற்றினால் எதை வாங்குவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: மாற்றிவிடுங்கள், அம்மா. ஓடுகிற பெட்டியை ஓடவிடு என்பதே என் வழக்கமான பதில். ஆனால் படம் தெளிய ஐந்து நிமிடம் ஆகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது பிக்சர் டியூபின் முதுமையைக் காட்டுகிறது. டியூபின் கழுத்துக்குள் இருக்கும் கேத்தோடு சூடேறி எலெக்ட்ரான்களை உமிழ்ந்தால்தான் திரையில் படம் விழும். ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறிய கேத்தோடு மெல்ல அந்த உமிழும் சக்தியை இழக்கிறது. ஓரத்துப் பச்சை மட்டும் என்றால், பெட்டியின் அருகே ஒலிபெருக்கி போன்ற காந்தமுள்ள பொருள் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து நகர்த்தச் சொல்லியிருப்பேன். டியூபே தளர்ந்துவிட்டால் டியூபைத்தான் மாற்ற வேண்டும். அதற்கு இப்போது கடையில் வரத்து இல்லை.

அளவைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கடையில் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை. டி.வி.யின் அளவை மூலைக்கு மூலை குறுக்காக அளந்து சொல்வது வழக்கம். உங்கள் பழைய பெட்டியின் திரை நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் ஏறத்தாழச் சதுரமாக இருக்கிறது. இன்றைய திரைகள் பதினாறுக்கு ஒன்பது என்ற விகிதத்தில் நீண்டு கிடக்கின்றன. ஆகவே 21 இன்ச் பழைய திரையின் உயரம் ஏறக்குறைய பன்னிரண்டரை அங்குலம் என்றால், 24 இன்ச் புதிய திரையின் உயரம் பன்னிரண்டு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. "இருபத்தொன்றுக்குப் பதில் இருபத்துநான்கு" என்று வாங்கிக்கொண்டு போனவர்கள், முகமெல்லாம் சிறுத்துவிட்டதாகத் திரும்பி வந்து புலம்பியது இதனால்தான். 32 இன்ச் திரையின் உயரம் பதினாறு அங்குலத்தை நெருங்கும். உங்கள் பழைய பெட்டிக்கு நேர்மாற்று அதுவே. எட்டு, ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் கூடமாக இருந்தால் மகன் சொல்லும் 43 இன்ச்சும் பெரிதாகத் தோன்றாது. செய்தியின் அடியில் ஓடும் எழுத்துகளைப் படிக்க அது உதவவே செய்யும்.

உங்கள் அண்ணியை மிரட்டியது திரையின் அளவாக இருக்காது, ரிமோட்டாகத்தான் இருக்கும். பழைய டி.வி.யை ஒரு ரிமோட்டால் போட்டுவிட்டு, செட் டாப் பாக்ஸின் ரிமோட்டால் சேனல் மாற்றும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. புதிய டி.வி.யிலும் அதே பாக்ஸ், அதே ரிமோட், அதே சேனல் எண்கள்தான். வீட்டில் இணைய இணைப்பே இல்லாவிட்டாலும் ஸ்மார்ட் டி.வி. சாதாரண டி.வி.யாக வேலை செய்யும். குழப்பம் எங்கே வருகிறது என்றால், பழைய பெட்டி போட்டவுடன் நேராக நிகழ்ச்சிக்குப் போய்விடும்; புதியதோ வண்ண வண்ணப் படங்கள் அடுக்கிய முகப்புத் திரையைக் காட்டிவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நிற்கும். பல டி.வி.களில் "போட்டவுடன் எந்த இணைப்பைக் காட்ட வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் அமைப்பு உண்டு. டி.வி.யைப் பொருத்த வருபவரிடம், செட் டாப் பாக்ஸை, படமும் ஒலியும் ஒன்றாகப் போகும் எச்.டி.எம்.ஐ. வயரில் இணைத்து, போட்டதும் அந்த இணைப்பிலேயே திறக்கும்படி அமைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் வாசலைத் தாண்டும் முன் நீங்களே இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அவர் போட்டுக் காட்டினால் கணக்கில் சேராது.

மயிலாப்பூரில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி, ஒரே வாரத்தில் மூன்று முறை "டி.வி. போய்விட்டது" என்று ஆள் அனுப்பினார். மூன்று முறையும் போய்ப் பார்த்தால் பெட்டிக்கு ஒன்றுமில்லை. ஒலியைக் கூட்டுவதாக எண்ணிப் பக்கத்திலிருந்த, இணைப்பை மாற்றும் "சோர்ஸ்" பொத்தானை அழுத்தியிருக்கிறார், திரை "சிக்னல் இல்லை" என்று காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். மூன்றாம் முறை, குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் மூன்றை அவரிடமே கேட்டு வாங்கினேன். பெரிய சிவப்புப் பொட்டைப் போடும் பொத்தானிலும், சிறிய மெரூன் பொட்டுகளை ஒலியைக் கூட்டும், குறைக்கும் பொத்தான்களிலும் ஒட்டி, மற்றவற்றின் மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. என் தொழிலில் வருமானம் குறையும்படி நான் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று. பாக்ஸின் ரிமோட்டே டி.வி.யின் ஒலியையும் மின்சாரப் பொத்தானையும் கற்றுக்கொள்ளும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது, கேபிள்காரரிடம் கேளுங்கள். அப்போது டி.வி.யின் ரிமோட்டை அலமாரியில் வைத்துவிடலாம்.

அடுத்து ஒலி. புதிய டி.வி. வாங்கிய முதியவர்கள் "சத்தம் இருக்கிறது, பேச்சு புரியவில்லை" என்று சொன்னால், பிள்ளைகள் உடனே காதைக் குறை சொல்கிறார்கள். காதுக்கும் பங்கு உண்டு. வயது ஏற ஏறக் கூர்மையான ஒலிகள் முதலில் மங்குவதால், உயிரெழுத்து கேட்டாலும் ச, த போன்ற மெய்களின் விளிம்பு கேட்பதில்லை. ஆனால் பழைய பெட்டியில் ஸ்பீக்கர் பெரும்பாலும் முகத்தைப் பார்த்து இருந்தது. மெல்லிய புதிய டி.வி.யில் அதற்கு இடமில்லாததால் கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ வைத்துவிடுகிறார்கள். பேச்சு மேசையிலும் சுவரிலும் மோதிக் கலங்கி வருகிறது. ஒலி அமைப்பில் பேச்சைத் தெளிவாக்கும் முறை இருந்தால் அதை முதலில் முயன்று பாருங்கள். போதவில்லை என்றால் சவுண்ட் பார் எனப்படும் பட்டை வடிவச் சிறிய ஒலிபெருக்கி ஒன்றைத் திரைக்குக் கீழே முன்னோக்கி வையுங்கள். மகன் 43-க்குச் செலவழிக்கத் துணிந்திருந்தால், 32 வாங்கி மிச்சத்தை ஒலியில் போடச் சொல்வேன். அது என் அபிப்பிராயம். அவர் கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

எந்த உயரத்தில் வைப்பது என்பதையும் யோசியுங்கள். பைஃபோகல் கண்ணாடி அணிபவராக இருந்தால், தாழ்வான மேசையில் டி.வி.யை வைக்கும்போது கண்ணாடியின் கீழ்ப்பாதியில், அதாவது படிப்பதற்கான பகுதியில் படம் விழுந்து கலங்கும். மிக உயரத்தில் மாட்டினால் கழுத்து நோகும். உட்கார்ந்த நிலையில் கண்மட்டத்துக்கு நேராகத் திரையின் நடுப்பகுதி இருக்கட்டும். சுவரில் துளை போடும் முன், நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இடத்தைச் சொல்லுங்கள்.

பழைய ஸ்டெபிலைசரைப் புதியதற்கும் வைக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். டி.வி.யின் பின்புறச் சீட்டில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அது தேவையில்லை. இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுவதோடு கேபிள் வயரையும் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். அந்த வழியாகவும் மின்னல் வீட்டுக்குள் வரும்.

இன்னொன்று, ஆயுத பூஜை வரும்போது நினைவில் வையுங்கள். பழைய பெட்டியின் கண்ணாடித் திரையில் சந்தனமும் குங்குமமும் வைத்து மறுநாள் ஈரத்துணியால் துடைத்திருப்பீர்கள், ஒன்றும் ஆகாது. புதிய திரையின் மேற்பரப்பு பெரும்பாலும் கண்ணாடியன்று, மென்மையான பிளாஸ்டிக் படலம். காய்ந்த சந்தனத்தைத் தேய்த்து எடுத்தால் கீறல் விழும், ஈரம் கீழ்விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். பொட்டைச் சட்டத்திலோ தாங்கும் காலிலோ வையுங்கள். தூசியை உலர்ந்த மெல்லிய துணியால் அழுத்தாமல் துடைத்தால் போதும்.

பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவர்கள் செம்புக்காக டியூபின் கழுத்தை உடைத்து எடுத்துவிட்டு, ஈயம் கலந்த கண்ணாடியைக் குப்பையில் கொட்டுவார்கள். புதியது வாங்கும் கடையில் பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். மின்னணுக் கழிவு குறித்து 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளின்படி, தயாரிப்பு நிறுவனங்களுக்கு அதில் பொறுப்பு உண்டு. எக்காரணம் கொண்டும் பின்மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். தொழில் தெரிந்த நானே ஒருமுறை ஷாக் வாங்கியிருக்கிறேன்.

கேள்வி: அரசு இலவசமாகக் கொடுத்த சிறிய கலர் டி.வி.யைத்தான் இன்றும் பார்க்கிறோம். எங்கள் கேபிள்காரர் புதிய பாக்ஸ் மாற்றும்போது, இந்த டி.வி.க்கு இனிப் படம் வராது, புதியது வாங்குங்கள் என்கிறார். உண்மையா?
– வாசகர், அருப்புக்கோட்டை அருகே

பதில்: 2006-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த 14 இன்ச் பெட்டி இன்னும் ஓடுகிறது என்றால் அதை வைத்திருப்பவரைத்தான் பாராட்ட வேண்டும். கேபிள்காரர் சொல்வது பாதி உண்மை. புதிய பாக்ஸின் பின்புறம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத் துளைகளோ, அந்த மூன்று நிற வயரைச் சொருகும் ஒற்றைத் துளையோ இருந்தால் உங்கள் டி.வி.யில் படம் வரும். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. உங்கள் பெட்டியில் ஒலிக்கு ஒரே துளை இருந்தால் வெள்ளையைச் சொருகுங்கள். பாக்ஸில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்தால், அதைப் பழைய மூன்று வயராக மாற்றித் தரும் சிறிய கன்வெர்ட்டர் கிடைக்கிறது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். கேட்டு வாங்கும்போது எதிலிருந்து எதற்கு என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், ஏனென்றால் எதிர்த்திசையில் மாற்றுவதும் அச்சு அசலாக அதே தோற்றத்தில் விற்கிறது, அது உங்களுக்கு உதவாது. படம் நீண்டோ நசுங்கியோ தெரிந்தால் பாக்ஸின் அமைப்பில் 4:3 என்று மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 76 வயது, மனைவிக்கு மூச்சிரைப்பு உண்டு. நாற்பது ஆண்டுகளாக இருந்த தரைவழித் தொலைபேசியின் செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் இணைப்புக் கொடுத்துவிட்டார்கள். எண் அதேதான். ஆனால் கரண்ட் போனால் போனும் போய்விடுகிறது. முன்பு இப்படி ஆனதே இல்லை. நான் ஏமாற்றப்பட்டேனா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், பாளையங்கோட்டை

பதில்: ஏமாற்று இல்லை, ஐயா, ஆனால் இணைப்பை மாற்றித் தந்தவர்கள் இதை முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். செம்புக் கம்பியில் உங்கள் குரல் மட்டும் போகவில்லை. போன் இயங்குவதற்கான 48 வோல்ட் மின்சாரமும் தொலைபேசி நிலையத்தின் பேட்டரியிலிருந்து அதே கம்பியில் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் புயலில் ஊரே இருண்டு கிடந்தபோதும் ரிசீவரை எடுத்தால் அந்த "ர்ர்" ஒலி கேட்டது. ஃபைபர் என்பது முடியளவு மெல்லிய கண்ணாடி இழை. அதில் ஒளி போகும், மின்சாரம் போகாது. இழை வந்து சேரும் மோடத்துக்கு உங்கள் வீட்டு மின்சாரம் வேண்டும். அது அணைந்தால் போனும் அணைந்துவிடுகிறது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மோடத்தின் அடாப்டரை இன்வெர்ட்டர் வரும் பிளக் பாயின்ட்டுக்கு மாற்றுங்கள். இன்வெர்ட்டர் இல்லாவிட்டால், மோடத்துக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்று வாங்குங்கள், உள்ளங்கை அளவில் இருக்கும் அது அடாப்டருக்கும் மோடத்துக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, மின்சாரம் இல்லாதபோது சில மணி நேரம் தாங்கும். கடைக்குப் போகும் முன் அடாப்டரின் முதுகில் பொடியாக அச்சிட்டிருக்கும் எண்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் என்றிருக்கும். அதன் பக்கத்தில் ஆம்பியர் அளவும் இருக்கும். வோல்ட் ஒன்றாகவே இருக்க வேண்டும், யு.பி.எஸ்.ஸின் ஆம்பியர் அடாப்டருடையதற்குக் குறையக் கூடாது. முடிந்தால் அடாப்டரையே எடுத்துப் போய்க் காட்டிவிடுங்கள். பின்னின் பருமன் மாறினால் சொருகவே முடியாது.

பழைய போனை மோடத்தின் பின்னாலிருக்கும் தொலைபேசித் துளையில் சொருகி வைத்துக்கொள்ளலாம். கார்ட்லெஸ் போன் வேண்டாம். அதன் அடித்தளத்துக்கும் தனியே மின்சாரம் வேண்டும் என்பதால், யு.பி.எஸ். இருந்தும் பயனில்லாமல் போகும். விரலால் சுழற்றும் டயல் போனை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: சில மோடங்கள் அதன் துடிப்பைப் புரிந்துகொள்வதில்லை, அழைப்பு வரும், போகாது. உங்கள் மனைவியின் உடல்நிலையை எண்ணி, பெரிய பொத்தான்கள் உள்ள சாதாரண செல்போன் ஒன்றையும் சார்ஜ் போட்டு அருகில் வையுங்கள். யு.பி.எஸ். வாங்கிய பிறகு ஒருநாள் பகலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1991-இல் நடந்த எங்கள் திருமணத்தின் வீடியோ கேசட் இரண்டு இருக்கின்றன. டெக் எப்போதோ பழுதாகிவிட்டது. அதில் என் மாமனாரும் என் தாயாரும் உயிரோடு நடமாடுகிறார்கள். புதிய டி.வி.யில் பார்க்க வழி உண்டா? புதிய டெக் கிடைக்குமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: புதிய டெக் கிடைக்காது. உலகில் கடைசியாக அதைத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானிய நிறுவனம் 2016-இல் நிறுத்திவிட்டது. பழைய டெக் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்குவதும் வீண். ஸ்டுடியோவில் கொடுத்துக் கணினிக் கோப்பாக மாற்றிக்கொள்வதே சரி. அதைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் நாடா காத்திருக்காது.

முதலில் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடிச் சாளரம் வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். கறுப்பாகப் பளபளத்தால் நல்லது. விபூதி தூவியதுபோல் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பூஞ்சணம். நம் ஊர் ஈரக்காற்றில் மர அலமாரிக்குள் கிடந்தால் வருவதுதான். அப்படியிருந்தால் "ஓடுகிறதா என்று பார்க்கிறேன்" என்று யார் வீட்டு டெக்கிலும் போடாதீர்கள். பூஞ்சணம் டெக்கின் தலையில் ஒட்டிக்கொள்ளும், நாடாவும் சிக்கி அறுந்துபோகலாம். சுத்தம் செய்து மாற்றித் தருபவரிடம் நிலைமையைச் சொல்லிக் கொடுங்கள். கேசட்டின் முதுகில் இடது ஓரத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அது உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். அதன் பிறகு தவறுதலாகவும் யாரும் மேலே வேறொன்றைப் பதிவுசெய்ய முடியாது.

மூன்று மணி நேரக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஓட்டியாக வேண்டும். இதில் குறுக்குவழி இல்லை. அரைமணியில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். மாற்றச் சொல்லும்போது கோப்பு எம்.பி.4 வகையில் இருக்க வேண்டும் என்றும், படத்தை அகலமாக இழுக்காமல் பழைய நான்குக்கு மூன்று விகிதத்திலேயே வைக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். இழுத்துவிட்டால் அகன்ற திரையை நிரப்புவார்கள்தான், ஆனால் பந்தியில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் பருத்துத் தெரிவார்கள். பென் டிரைவில் போட்டுக் கொடுக்கும்போது ஒரே நீளக் கோப்பாக இல்லாமல் முகூர்த்தம், பந்தி, நலங்கு என்று துண்டுதுண்டாகக் கேளுங்கள். பல பென் டிரைவ்கள் அமைந்திருக்கும் முறையில் 4 ஜிகாபைட்டைத் தாண்டிய கோப்பு ஏறாது. அது மட்டுமல்லாமல், தாயாரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றும் மாலையில் மூன்று மணி நேரத்தைத் தள்ளித் தள்ளித் தேட வேண்டியதில்லை. டி.வி.யின் பக்கவாட்டில் இருக்கும் யு.எஸ்.பி. துளையில் பென் டிரைவைச் சொருகினால் படம் ஓடும். ஒரு பிரதியை மகளிடமோ மருமகனிடமோ கொடுத்து வையுங்கள். மூலக் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 69 வயது. புதிய டி.வி. வந்தும் பொருத்த ஆள் வராததால், இணையத்தில் தேடிக் கிடைத்த "வாடிக்கையாளர் சேவை" எண்ணுக்கு அழைத்திருக்கிறார். பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் என்று சொல்லி ஒரு செயலியை இறக்கச் சொன்னார்களாம். அரை மணி நேரத்தில் ஒரு மாத ஓய்வூதியத்துக்கு மேல் கணக்கிலிருந்து போய்விட்டது. அவர் இப்போது செல்போனையே தொட மறுக்கிறார்.
– வாசகி, ஈரோடு

பதில்: இன்னும் புகார் செய்யவில்லை என்றால் இதைப் படித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம், இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் புகார் பதிவானால்தான் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அந்தச் செயலி உங்கள் தந்தையின் திரையை அவர்கள் பார்க்கவும், சில வகைகளில் இயக்கவும் வழிசெய்வது. அதை நீக்கும் வரை போனில் இணையத்தை அணைத்து வையுங்கள். வங்கிக் கடவுச்சொற்களையும் யு.பி.ஐ. ரகசிய எண்ணையும் வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

நிறுவனங்களின் பெயரில் போலி எண்களை இணையத்தில் பரப்பிவைப்பது இவர்களுடைய முழுநேரத் தொழில். சேவை எண்ணை இணையத்தில் தேடவே வேண்டாம். அது உத்தரவாத அட்டையில் இருக்கிறது, அட்டைப் பெட்டியின் மேல் இருக்கிறது, வாங்கிய கடையின் பில்லிலும் பெரும்பாலும் இருக்கும். புதுச் சாதனம் வந்த அன்றே அந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி, மின்கட்டண அட்டை மாட்டியிருக்கும் ஆணியில் மாட்டிவிடச் சொல்வேன். பொருத்த ஆள் வராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம்.

தந்தையைத் திட்டாதீர்கள். ஒன்றை மட்டும் மனதில் பதிய வையுங்கள்: பணம் நமக்கு வர வேண்டியிருந்தால் ரகசிய எண் எங்கும் கேட்கப்படாது; எண்ணை அடிக்கச் சொன்னாலே பணம் போகப்போகிறது என்று பொருள். செல்போனை அவர் மீண்டும் தொட வேண்டும் என்றால், முதலில் வங்கிச் செயலிகளை எடுத்துவிட்டு, பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசுவதற்கு மட்டும் வைத்துக் கொடுங்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வையுங்கள். சிறிய எழுத்தைப் படிக்க முடியாமல் "சரி"யை அழுத்திவிடுவதால் நேரும் விபத்துகள் அதிகம்.

கேள்வி: என் டிரான்சிஸ்டரில் மீடியம் வேவ் வானொலி இப்போதெல்லாம் ஒரே கரகரப்பு. எப்போதாவது பகலில் தெளிவாக இருக்கிறது, மாலையில் மோசம். ரேடியோவை மாற்ற வேண்டுமா? 80 வயதில் செல்போனில் கேட்கச் சொல்கிறார்கள், எனக்கு விருப்பமில்லை.
– வாசகர், திருவாரூர்

பதில்: ரேடியோவின் மேல் பழி போடும் முன் வீட்டைச் சந்தேகியுங்கள். குண்டு பல்பு எரிந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. இன்றைய எல்.இ.டி. பல்புகள், செல்போன் சார்ஜர்கள், மோடத்தின் அடாப்டர் எல்லாவற்றிலும் மின்சாரத்தை வேகமாகத் துண்டித்துத் துண்டித்துக் கொடுக்கும் சுற்று இருக்கிறது. தரம் குறைந்தவை அந்த வேலையைச் செய்யும்போது மீடியம் வேவில் இரைச்சலை உமிழும். மாலையில், அதாவது விளக்கேற்றும் நேரத்தில், மோசம் என்று நீங்கள் எழுதியிருப்பதே என் சந்தேகத்துக்குக் காரணம்.

ரேடியோவில் பேட்டரி போட்டுக்கொண்டு, மாலையில் வீட்டிலிருக்கும் ஒருவரை மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். இரைச்சல் நின்றால் ரேடியோ குற்றமற்றது. பிறகு ஒவ்வொரு விளக்காகவும் ஒவ்வொரு சார்ஜராகவும் போட்டுக்கொண்டே வாருங்கள். எதைப் போட்டதும் கரகரக்கிறதோ அதுதான் ஆள். பெரும்பாலும் நீங்கள் உட்காரும் இடத்துக்கு நேர்மேலே இருக்கும் பல்பாகவே அது இருக்கும். எதுவும் பிடிபடவில்லை என்றால், பேட்டரியோடு மாடிக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். அங்கு தெளிவாக இருந்தால் இரைச்சல் பக்கத்து வீட்டிலிருந்து வரலாம்.

ரேடியோவை மேசையில் வைத்து மெல்லத் திருப்பியும் பாருங்கள். மீடியம் வேவுக்கான ஏரியல் நீங்கள் இழுத்து நீட்டும் கம்பியன்று. பெட்டிக்குள் படுத்திருக்கும் ஒரு கறுப்புக் காந்தத் தண்டு. அது நிலையத்துக்குக் குறுக்காக இருக்கும்போது நன்றாகக் கேட்கும், நேராக நீட்டியிருக்கும்போது மங்கும். ஒலி கூடும் திசை கிடைத்ததும் மேசையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவையுங்கள். தூசி தட்டுகிறேன் என்று யாராவது நகர்த்தினாலும் அதே இடத்தில் திரும்ப வைத்துவிடலாம். வால்யூமைத் திருகும்போது மட்டும் வரும் கரகரப்பு வேறு. அது திருகுக்குள் சேர்ந்த தூசி, தெரிந்த மெக்கானிக் ஒருவர் பத்து நிமிடத்தில் சுத்தம் செய்து கொடுப்பார்.